பாதியில் நிற்கும் முள்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே
பதினொன்றரை மணி வெயிலில்
ஒரே வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள்,
ஆளுக்கொரு கதவை அறைந்து சாத்தி.

கொரட்டூர் தண்ணீர் கேன் நவநீதம்.
அவர் பிக்கப்பை ஓட்டும் தேவசகாயம்.

"பத்து லிட்டர் போட்டேன்.
முள் அசையவே இல்லை.
டீசல் எங்க போச்சுன்னு
நீங்களே கேளுங்க இவனை."

நான் கேட்கவில்லை.
எனக்குக் கேள்வி கேட்கத் தெரிந்ததெல்லாம்
ஒயரை மட்டும்.

சாவியைப் பாதி திருப்பினேன்.
ஆயில் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது,
ஹேண்ட்பிரேக்கும் தன் பங்குக்குச் சிவந்தது.
பங்க் படம் போட்ட அந்த மூலை மட்டும்
கரண்ட் பில் கட்டாத வீடு.

டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றினேன்.
முள் காலியில் விழுந்தது.
ஒயர் நுனியைச் சேசிஸில் தொட்டேன்.
திடுக்கிட்டு எழுந்து
முழு டேங்க் என்றது.
மீட்டர் நல்லவன். ஒயரும் நல்லவன்.

"அப்போ நான்?" என்றான் தேவசகாயம்.
"இரு."

வடிக்கப் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை,
வண்டி நிறைய இருபது லிட்டர் காலி கேன்கள்.
தேடித் தேடிக் கீறல் விழுந்த ஒன்றை
நவநீதம் எடுத்துக் கொடுத்தார்.
குனிந்து அளவு பார்த்தார். அவனும் குனிந்தான்.
ஒன்பது லிட்டர் சொச்சம்.
முள் இத்தனை நாளும் சொன்னது
அரை டேங்க்.

மிதவையை வெளியே எடுத்தேன்.
கம்பிக் கையின் நுனியில் ஒரு கறுப்புக் கட்டை,
கோழிமுட்டையைவிடச் சிறிது.
இதை நம்பித்தான்
ஒருவன் சம்பளத்தில் ஆயிரத்து எண்ணூறு பிடித்திருக்கிறது.

மல்டிமீட்டரின் ஊசிகளை வைத்துக்கொண்டு
கையை மெல்ல உயர்த்தினேன்.
நூற்றிப் பத்து, தொண்ணூறு, எழுபது,
அறுபது,
அறுபது,
அறுபது.
கொஞ்சம் அழுத்தினால்
திடீரென்று பதினைந்து.

தடைப் பட்டையில் ஒரு பள்ளம்.
ஐந்நூறுக்கு, ஆயிரத்துக்கு என்று
போட்டுப் போட்டு
பாதியிலேயே பதினோரு வருஷம் அலைந்ததில்
தகடு அந்த இடத்தையே தின்றிருந்தது.
இப்போது அதிலேயே விழுந்து கிடக்கிறது.
நவநீதத்திடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

டேஷ்போர்டைப் பிரித்தால்
எச்சரிக்கை விளக்கின் முகத்தில்
கறுப்பு இன்சுலேஷன் டேப்.
யாரோ, எப்போதோ,
அது எரிவதைப் பார்க்கச் சகிக்காமல்.
"நான் இல்லண்ணே."
பசை கல்லாகியிருந்தது.
இவன் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான்.
உரித்தேன், பல்பு உயிரோடுதான் இருந்தது.

புதுப்பேட்டைக்குப் போன பர்வேஸ்
பழைய சென்சார் ஒன்றோடு வர மூன்று மணி ஆனது.
மாட்டினேன். சாவி.
ஆரஞ்சு.

ஒவ்வொரு லிட்டராக ஊற்றினான் தேவசகாயம்,
மூன்று பேரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க.
ஏழாவது லிட்டரில் அணைந்தது.
"மறுபடி கொஞ்சம் வடிங்கண்ணே,
இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றான்.
காலி என்று ஒரு விளக்கு சொல்வதில்
இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் கண்டதில்லை.

நவநீதம் என் பக்கம் திரும்பினார்.
"அப்போ இவன் எடுக்கலை?"

முள் ஏன் ஏறவில்லை என்பதற்குத்தான்
என்னிடம் பதில் இருந்தது.
டீசலுக்கு இல்லை.
அதை அப்படியே சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாமோ என்று
தேவசகாயத்தின் கழுத்தைப் பார்த்ததும் தோன்றியது.

எண்ணூற்றைம்பதை எண்ணிக் கொடுத்துவிட்டு
பர்ஸை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு மூடினார்.
"பங்குக்கு விடு" என்றார் அவனிடம்.
கதவுகள் இந்த முறை
அவ்வளவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.

ராத்திரி கடை சாத்தியபின்
என் ஸ்கூட்டரைச் சாய்த்து ஆட்டிப் பார்த்தேன்.
அதில் முள் செத்து நாலு வருஷம்.
உள்ளே
ஏதோ சலசலத்தது.
அம்பத்தூர் வரைக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.